நாலில் ஒரு பங்கு

பன்னிரண்டு தம்ளர் தண்ணீர் மூன்று தம்ளராகச் சுண்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது எழுபத்திரண்டு வயதுவரை கழுகாசலத்துக்குத் தெரியாது. விதியைப் போட்டவர் அவர்தான். ஆனால் விதி போடுகிறவர்கள் அடுப்புப் பக்கம் நிற்பது வழக்கமில்லை. அதனால் நாற்பத்தைந்து வருஷமாக அது அவர் மனதில் வெறும் பின்னமாகவே இருந்தது, ஒன்றின் கீழ் நான்கு, சுத்தமாக, புகையில்லாமல். இன்றைக்கு உலகம்மையின் இடது உள்ளங்கையில் துணிக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், ‘தண்ணிய மட்டும் அடுப்புல ஏத்தி வையுங்க, செத்த நேரம் படுத்து எந்திரிக்கேன்’ என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவரும் ஏற்றிவிட்டார். ஏற்றிய பிறகுதான் இந்தத் தண்ணீரைக் காய்ச்சலாமா கூடாதா என்று சந்தேகம் வந்தது. இது தாமிரபரணித் தண்ணீர், மாநகராட்சிக் குழாயில் வருவது, இதில் டாக்டர் சொன்ன அந்த விஷம் கிடையாது, ஆகவே காய்ச்சினாலும் ஒன்றுதான் காய்ச்சாவிட்டாலும் ஒன்றுதான். அப்படியானால் எதற்குக் காய்ச்சுகிறோம், அணைத்துவிடலாம். அணைத்தால் எழுந்து வந்து ஏன் அணைச்சீங்க என்று கேட்பாள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலுக்குள்ளேதான் எல்லாம் இருக்கிறது. அணைக்காவிட்டால் கேட்க மாட்டாள், ஆனால் சுண்டும். அது சுண்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். போதாததற்கு ஊற்றும்போது எண்ணிக்கை தவறிவிட்டது. ஏழாவது தம்ளரில் காலையில் கேட்ட டாக்டருடைய குரல் வந்தது, குரல் போனபோது கையில் இருந்தது ஒன்பதாவதா பத்தாவதா என்று தெரியவில்லை, ஒரு மரியாதைக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டார். முதல் எண் தெரியாதபோது அதில் நாலில் ஒன்று எங்கே இருக்கும்? கரண்டிக் காம்பைப் பாத்திரத்துக்குள் நிறுத்திப் பார்த்தார். ஈரம் ஏறிய இடம் ஒரு கோடாகத் தெரிந்தது. அதைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார், நூலகர் புத்தக முதுகில் எண்ணைப் படிப்பதுபோல. கோடு ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கிரேஸ்லின் நல்ல பெண். ‘அய்யா’ என்றும் ‘அம்மா’ என்றும் கூப்பிடுகிறாள், அவசரப்படுத்துவதில்லை. போன வாரம் உலகம்மையின் உள்ளங்கையில் ஆறாத புண்ணிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி அனுப்பியிருந்தாள். இன்று தாளைப் பார்த்துவிட்டு, ‘தோல்ல ஆரம்பிச்ச புத்துநோய்தாம்மா, மேலாகத்தான் இருக்கு, வர்ற வியாழக்கிழமை சுத்தமா எடுத்துரலாம்’ என்றாள். அதை உலகம்மை காய்கறி விலை கேட்டுக்கொள்வதுபோலக் கேட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் டாக்டர் வலது கையையும் விரித்துப் பார்த்தாள், இரண்டு கால்களையும் தூக்கி வைக்கச் சொல்லிப் பாதத்தைத் தடவினாள். உள்ளங்கை முழுவதும், பாதம் முழுவதும், குருணை அரிசியைத் தோலுக்கு அடியில் தூவினாற்போலச் சிறுசிறு கெட்டி முடிச்சுகள். இருபது வருஷமாகக் கால் ஆணி என்று ஒரு வைத்தியரும் கரப்பான் என்று இன்னொருவரும் களிம்பு கொடுத்தது அதற்குத்தான். முதுகைப் பார்த்தாள். கறுப்பும் வெளுப்புமாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. புழுதி ரோட்டில் முதல் தூறல் விழுந்தமாதிரி என்று டாக்டரே உவமை சொன்னாள், நல்ல உவமை என்று கழுகாசலம் அந்த நேரத்திலும் மெச்சினார், மெச்சியதற்காக இப்போது வெட்கப்படுகிறார். ‘நீங்க எப்பவாவது வெளியூர்ல, வங்காளம், பீகார் பக்கம் இருந்திருக்கீங்களா?’ உலகம்மை, ‘பதினாலு வருஷம்’ என்றாள். ‘குடிக்கிறதுக்கு என்ன தண்ணி?’ ‘அடிபம்பு. வீட்டுக்காரங்க முத்தத்துல இருந்துச்சி.’ டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆர்செனிக் என்றாள். பூமிக்குள்ளேயே இருக்கிற சரக்கு, அந்த ஆற்றுப்படுகை மண்ணில் நிறைய, ஆழ்குழாய் போட்டால் தண்ணீரோடு வரும், நிறமில்லை மணமில்லை ருசியில்லை, பத்து வருஷம் குடித்தால் இருபது வருஷம் கழித்துக்கூடக் காட்டும், தோலில் காட்டும், நுரையீரலும் மூத்திரப்பையும் பார்த்துவிட வேண்டும், இரண்டு பேருமே. ‘இப்ப அங்க கெட்ட தண்ணி வர்ற பம்புக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க.’ அப்போதுதான் உலகம்மை, நாற்பத்தைந்து வருஷத்துப் பெருமையைப் புண் வந்த கையால் எடுத்து மேசைமேல் வைப்பதுபோலச் சொன்னாள்: ‘எங்க வீட்டுல பச்சத்தண்ணியே கெடையாது டாக்டர். இவுக விடமாட்டாக. நாலுல ஒண்ணாச் சுண்டக் காய்ச்சித்தான் குடிக்கணும்பாக.’ டாக்டர் பேனாவை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், ‘கர்ப்பம் எதுவும் கலைஞ்சிருக்காம்மா?’ என்று கேட்டாள். ‘ரெண்டு’ என்றாள் உலகம்மை. ‘அங்க இருக்கும்போதா?’ ‘அங்க இருக்கும்போதுதான்.’

கட்டுப் போட நர்ஸ் அவளைக் கூட்டிப்போனபோது, மூக்குக்கண்ணாடிக் கூட்டை விட்டுவிட்டதாகச் சொல்லி அவர் திரும்ப உள்ளே போனார். கூடு சட்டைப் பையில் இருந்தது. டாக்டரும் அதைப் பார்த்திருப்பாள். ‘காய்ச்சினா போகாதாம்மா அது?’ ‘காய்ச்சினா கிருமிதான்யா சாகும். இது சாகிற சாமான் இல்ல. தண்ணி ஆவியாப் போயிரும், இது பாத்திரத்துலயே தங்கிரும்.’ ‘அப்ப நாலுல ஒண்ணாச் சுண்டினா?’ அவள் சொல்லத் தயங்கினாள். அவரே சொன்னார்: ‘நாலு மடங்கு.’ ‘ஏறக்குறைய’ என்றாள். ‘அந்த ரெண்டு பிள்ளைகளும் அதனாலயா?’ ‘இருக்கலாம்யா. இல்லாமலும் இருக்கலாம். குடிக்கிறத நிப்பாட்டினா ஒடம்புல இருந்து அது கழிஞ்சிரும், இப்ப எந்த டெஸ்ட் எடுத்தாலும் தெரியாது. நீங்க அதைப் போட்டு மனசக் குழப்பிக்காதீங்க.’ மனசைக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பது எப்படிப்பட்ட மருந்து, யார் அதை அரைப்பது, எந்த வேளைக்கு எவ்வளவு என்று அவள் எழுதித் தரவில்லை.

தண்ணீர் இப்போது பெரிய குமிழிகளாகப் புரண்டுகொண்டிருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அவருக்கு விதியைக் கொடுத்த அந்தப் புத்தகத்துக்கு அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கமும் இல்லை. திருநெல்வேலி சந்திப்பில் பழைய புத்தகக்காரன் ஒருவன் பொட்டலத்துக்குப் போட வைத்திருந்த குவியலிலிருந்து கழுகாசலம் மீட்டது. ஆசிரியர் யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை என்பது நூலகரான அவருக்குத் தீராத அரிப்பு. அதில்தான் இருந்தது. பாதியாகக் காய்ச்சிய நீர் இன்ன நோய்க்கு, மூன்றில் ஒன்று இன்னதற்கு, நாலில் ஒன்று எல்லாவற்றுக்கும், எட்டில் ஒன்று என்றால் அது நீரே அல்ல, மருந்து. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகீரதிக் கரையில் ஒரு சிற்றூரில், சணல் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் நூலகர் வேலை கிடைத்துக் கல்யாணமான மூன்றாம் மாதம் உலகம்மையைக் கூட்டிக்கொண்டு போனபோது, டிரங்குப் பெட்டியில் அந்தப் புத்தகமும் போனது. புது ஊர், புது நீர். முதல் வாரமே உலகம்மைக்கு வயிற்றுப்போக்கு. அவர் புத்தகத்தைத் திறந்தார், விதியைப் போட்டார், போக்கு நின்றது. இதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன நிரூபணம் வேண்டும்? வீட்டுக்கார அம்மாள், மாசிமா என்று கூப்பிடுவார்கள், முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டே சிரிப்பாள். ‘பௌமா’ என்று உலகம்மையை மருமகளைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிடுவாள். பௌமா, ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சு, குளத்துத் தண்ணீரைக் காய்ச்சு, பூமிக்குள்ளிருந்து வருகிறதை ஏன் காய்ச்சுகிறாய், அது தாய்ப்பால் மாதிரி என்பாள். கழுகாசலம் அதற்கு வங்காளத்தில் பதில் சொல்வார், வினைச்சொற்கள் எல்லாம் சரியாக இருக்கும், பொருள்தான் யாருக்கும் புரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் மாசிமாவின் பேரன் கல்யாணப் படங்களைப் போனில் அனுப்பியிருந்தான். மணமக்களுக்குப் பின்னால் அதே முற்றம், அதே பம்பு, தலையிலிருந்து கழுத்துவரை ரத்தச் சிவப்பு. ‘பாத்தியா உலகு, நம்ம பம்புக்கும் அலங்காரம் பண்ணியிருக்கான்’ என்று அவர் காட்டினார். அவளும் பார்த்து, ‘நல்லாருக்கு’ என்றாள். நல்லாருக்கு.

இதில் இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் மனம் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போகிறது, எரிகிற அடுப்பின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் இழுத்துக்கொள்வதுபோல. விதியைப் போட்டவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. குடித்துப் பார்த்தார், முதல் மாதம் குடித்தார். சுண்டிய தண்ணீரில் இரும்பு வாடை தூக்கலாக இருந்தது, மடக்கென்று இறங்கவில்லை, ஆணியைச் சப்புவதுபோல இருந்தது. காலையில் அவள் முன்னால் ஒரு தம்ளரைக் குடிப்பார், மிச்ச தாகத்துக்கெல்லாம் பண்ணையில் தேநீர், வீட்டில் என்றால் கொல்லைக்குப் போகிறமாதிரிப் போய்ப் பம்பை நாலு அடி அடித்துக் கையேந்திக் குடித்துவிட்டு வருவார். ஜில்லென்று இருக்கும். பச்சைத் தண்ணீர். அவர் குடித்தது ஒரு பங்கு, அவள் குடித்தது நாலு பங்கு. அதனால்தான் அவருடைய கையில் ஒன்றுமில்லையா? நெஞ்சில் இருக்கிற பொட்டுகள் வயசுக்கு வருகிறவை என்று நினைத்திருந்தார், சட்டையைக் கழற்றிக் காட்டியபோது டாக்டர் ‘உங்களுக்கு லேசா’ என்றாள், ‘ஆளுக்கு ஆள் மாறும்யா, சத்துக் குறைவா இருந்தா கூட இருக்கும்’ என்றாள். கால் விரல்கள் இரண்டு வருஷமாக மரத்துப்போய்ச் செருப்பு நழுவினால்கூடத் தெரிவதில்லை, அதைச் சர்க்கரை என்று வைத்திருந்தார், சர்க்கரை அவருக்கு இல்லை என்று ரிப்போர்ட் சொன்ன பிறகும். ஆளுக்கு ஆள் மாறும். மாறாது டாக்டர், நான் ஏமாற்றினேன், அவள் ஏமாற்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வைத்தியம் மாறுமா? மாறாது. வியாழக்கிழமை எடுக்கப்போவது அதே புண்தான். வைத்தியம் மாறாது என்றால் எதற்குச் சொல்ல வேண்டும்? வைத்தியம் மாறாது என்பதால் சொல்லாமலே இருந்துவிடலாமா?

வெள்ளைப் பாஷாணம். அரிதாரம். மனோசிலை. மூன்றிலும் இருப்பது அதே ஆர்செனிக்தான், அவருக்குத் தெரியாதா என்ன? பாஷாணம் அறுபத்து நாலு, அதில் பிறவி முப்பத்திரண்டு, வைப்பு முப்பத்திரண்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கூத்துக்காரன் முகத்தில் பூசுகிற மஞ்சள் முதற்கொண்டு எலி மருந்துவரை எல்லாவற்றுக்கும் அவரிடம் குறிப்பட்டை இருந்தது, தண்ணீருக்கு மட்டும் இல்லை. இவ்வளவு படித்தவன் என்று அவரே தன்னை நினைத்துக்கொண்டபோது அது ஊரில் யாரோ பின்னாலிருந்து சொல்கிற நக்கல்போலக் கேட்டது. எண்பத்திரண்டில் முதல் கர்ப்பம். தந்தி கொடுத்தார்கள், ஊரிலிருந்து கருப்பட்டி வந்தது. அவர் அன்றைக்கே புத்தகத்தைத் திறந்து, நாலில் ஒன்று போதாது, வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு எட்டில் ஒன்று என்று விதியை உயர்த்தினார். உயர்த்தினார் என்றுதான் அப்போது நினைத்தார். நாலாம் மாதம் போனது. எண்பத்தைந்தில் இரண்டாவது. முந்தின தடவை பக்குவம் போதவில்லை என்று முடிவுகட்டி, பண்ணையிலிருந்து வருகிற வழியிலேயே யோசித்துக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், ‘உலகு, இந்தத் தடவ மொத நாள்ல இருந்தே எட்டுல ஒண்ணு, விட்டுரப்படாது’ என்றார். அவள் சரி என்றாள். ஐந்தாம் மாதம் போனது. அது பெண் என்று ஆஸ்பத்திரி ஆயா சொன்னதாக உலகம்மை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு அவர்கள் அதைப்பற்றிப் பேசவில்லை, அவள் மறுபடி உண்டாகவும் இல்லை, பிறகு ஊரோடு வந்துவிட்டார்கள், வந்தும் நாலில் ஒன்று தொடர்ந்தது, தாமிரபரணி எந்தத் தப்பும் செய்யாமல் முப்பது வருஷமாகச் சுண்டிக்கொண்டிருக்கிறது. எட்டு மடங்கு. அவர் உதடு அசைந்தது. எட்டு மடங்கு என்றால் ஒரு தம்ளரில் எட்டுத் தம்ளர். இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, பம்புத் தண்ணீரில் எவ்வளவு இருந்தது என்று யாருக்குத் தெரியும், கொஞ்சமாக இருந்தால் எட்டு மடங்கும் கொஞ்சம்தான். சிவப்புப் பெயிண்ட் என்றால் கொஞ்சமில்லை. ஆனால் மாசிமா பச்சையாகக் குடித்தாள், ஐந்து பெற்றாள், ஐந்தும் இருக்கின்றன, ஒருவன் போலீஸில் இருக்கிறான். பச்சைக்கும் சுண்டினதுக்கும் நடுவில் உள்ள தூரம்தானே அந்த இரண்டு பிள்ளைகளும்? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கரண்டிக் காம்பை மறுபடி விட்டுப் பார்த்தார். பாதிக்குக் கீழே போயிருந்தது. எப்போது போனது? பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்க முயன்றார். அழுவாள். அழமாட்டாள், அவள் எதற்கும் அழுததில்லை, கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள், இப்போது திரும்பியிருப்பதுபோல. இப்போது ஏன் திரும்பியிருக்கிறாள்? தெரிந்துவிட்டதா? டாக்டர் பேனாவை நிறுத்தியதை அவளும்தானே பார்த்தாள். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதற்காக ஒரு பின்னம் புரியாதா, அவளுடைய கணக்கு எப்போதும் அவருடையதைவிட வேகம். அப்படித் தெரிந்திருந்தால் ‘தண்ணிய அடுப்புல ஏத்தி வையுங்க’ என்று ஏன் சொன்னாள்? தெரிந்ததால்தான் சொன்னாளா? ஏற்றி வை, நின்று பார், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார் என்றா? அவள் அப்படி நினைக்கிறவள் இல்லை. அவள் எப்படி நினைக்கிறவள்? நாற்பத்தைந்து வருஷம். முதல் எட்டுப் பக்கம் இல்லாத புத்தகம். சொல்லாமல் விட்டால் வியாழக்கிழமை போகும், அதற்கடுத்த வியாழக்கிழமை போகும், அவள் கையில் தையல் ஆறும், அவர் ஒவ்வொரு தடவை தம்ளரை வாங்கும்போதும் அது கையில் கனக்கும். சொன்னால் அந்தக் கனம் அவளிடம் போகும். தன் கையிலிருந்து அவள் கைக்கு, கட்டுப்போட்ட கைக்கு. எது நியாயம் என்று தெரியவில்லை. எது தைரியம் என்றுகூடத் தெரியவில்லை.

‘இன்னுமா கொதிக்கி?’

உலகம்மை அடுப்படி வாசலில் நின்றாள். முடி கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு ஒரு கோடாக விழுந்திருந்தது. இடது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

‘உலகு, ஒண்ணு சொல்லணும்.’

‘சொல்லுங்க. அதுக்கு ஏன் கரண்டிய ஓங்கிக்கிட்டு நிக்கீங்க?’

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எல்லாவற்றையும் தப்பான வரிசையில் சொன்னார். முதலில் புத்தகத்தைப்பற்றி, பிறகு கண்ணாடிக் கூட்டைப்பற்றி, பிறகு பாத்திரத்தில் தங்குகிறதைப்பற்றி. நாலு மடங்கு என்றார். தான் குடித்தது பச்சைத் தண்ணீர் என்றார்.

‘அது தெரியும்’ என்றாள் அவள். ‘அந்தப் பம்பு கத்துறது தெருக்கோடி வரைக்கும் கேக்கும். வாயத் தொடச்சிட்டு வந்து ஒக்காருவீங்க, கொல்லைக்குப் போயிட்டு வந்த ஆளு மாதிரி.’

‘நீ ஒண்ணும் சொல்லலியே.’

‘என்னத்தச் சொல்ல?’

‘அது இல்ல உலகு. அந்த ரெண்டு தடவையும்.’ கீழே வைத்த கரண்டியை ஓரமாகத் தள்ளினார். ‘எட்டுல ஒண்ணுன்னு நான்தான் சொன்னேன். அந்த டாக்டர் பிள்ள அதுக்குத்தான் கேட்டிருக்கு. அந்தத் தண்ணிதான். நான் சொன்னதுதான்.’

உலகம்மை வலது கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கின. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நூல் பிசிறைச் சற்று நேரம் பார்த்தாள்.

‘எட்டுல ஒண்ணா’ என்றாள். ‘யாரு காய்ச்சினா? ரேஷன்ல ஊத்துற மண்ணெண்ணெயில எட்டுல ஒண்ணு காய்ச்சணும்னா அப்புறம் சோறு பொங்குறதுக்கு எங்க போவ? ஒரு கொதி வரும், எறக்கி வச்சிருவேன். நீங்க வந்து சுண்டிச்சான்னு கேப்பீங்க, சுண்டிச்சும்பேன். நாலுல ஒண்ணும் கெடையாது, எட்டுல ஒண்ணும் கெடையாது. நீங்க பாட்டுக்கு எதையாவது நெனச்சிக்கிட்டு.’

கழுகாசலத்தின் உடம்பு முழுவதும் ஏதோ ஒன்று இறங்கியது. கால் இல்லாதவருக்குக் கால் முளைத்ததுபோல, மரத்த விரல்களில்கூட ரத்தம் ஓடுவதுபோல இருந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கொதி. ஒரே ஒரு கொதி. ஏமாற்றியிருக்கிறாள், நல்லவேளை, என்ன நேர்த்தியாக ஏமாற்றியிருக்கிறாள். மண்ணெண்ணெய்க் கணக்கு அவருக்கு ஏன் தோன்றவே இல்லை? இப்போது இந்தப் பாத்திரத்துக்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இது கேஸ் அடுப்பு, அது திரி அடுப்பு, நடக்கிற காரியமா? நடக்காது. நடந்திருக்காது. அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

‘அப்ப தண்ணி இல்ல’ என்றாள் உலகம்மை. அவரிடம் சொல்லவில்லை. ‘பச்சத்தண்ணிதான் மாசிமாவும் குடிச்சா, அவளுக்கு அஞ்சு. அப்ப அந்த ரோடுதான்.’

‘எந்த ரோடு?’

‘ஒண்ணுமில்ல, விடுங்க.’

‘எந்த ரோடுளா?’

அவள் நூல் பிசிறை இழுத்தாள். வரவில்லை. ‘அங்க ஒரு நவம்பர்ல சர்க்கஸ் வந்துச்சில்லா. ஆத்துக்கு அந்தப் பக்கம். மாசிமா போயிட்டு வந்து சொன்னா, அதுல கயித்துல நடக்கிறவ ஒங்க ஊர்ப் பேச்சுப் பேசுதான்னு. நாலு மாசம் எனக்கு. நீங்க அசையப்படாதுன்னு சொல்லிட்டுப் பண்ணைக்குப் போயிருந்தீங்க. தமிழ் பேசுற பொம்பளையப் பாத்து ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சி. மாசிமாவயும் கூட்டாம நான் மட்டும் ஓடத்துல போயி, அங்கருந்து பலக வச்ச ரிக்‌ஷா இருக்குமில்லா, அதுல போனேன். ரோடா அது. போகவர ஆறு ஆறு மைலு, தூக்கித் தூக்கிப் போட்டுச்சி. நாலு நா கழிச்சிதான் வயித்துல வலி. அதுல ஒடம்பு கெட்டதுதான், அடுத்ததும் தங்கல.’ நிறுத்தினாள். ‘இன்னைக்கு அந்தப் பிள்ள தண்ணின்னு சொன்னதும், அப்ப ரோடு இல்ல போலிருக்கேன்னு நெனச்சிக்கிட்டுப் படுத்திருந்தேன். தூங்கல. அதையே நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்.’

அவருக்கு உடனே புரியவில்லை. புரிய வேண்டியது பல திசையிலிருந்து வந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டது. நாற்பத்து மூன்று வருஷம் இவள் அந்தப் பலகை வண்டியில் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். இன்று காலையில் டாக்டர் அதை நிறுத்தி இறக்கிவிட்டிருக்கிறாள். ஒரு கொதிதான் வரவிட்டேன் என்று சொல்லி, இப்போது அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவருக்காக. அல்லது உண்மையிலேயே ஒரு கொதிதானா? அப்படியானால் அவர் பிழைத்தார், அவள் ரோட்டில். சுண்டியிருந்தால் அவள் பிழைத்தாள், அவர் அடுப்பில். எது நடந்தது? நடந்ததை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இரண்டு பேரில் ஒருவர்தான் இறங்க முடியும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது, அன்று பகல் முழுவதிலும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

‘மண்ணெண்ணெயில யாரு காய்ச்சினா?’ என்றார். குரல் பழையபடி, விவாதத்துக்கு நிற்கிற குரலாக வந்தது. ‘சணல் குச்சியிலல்லா காய்ச்சின. சனிக்கிழம சனிக்கிழம சைக்கிள் பின்னால ஒரு கட்டு வச்சிக் கட்டிக் கொண்டாந்து போட்டேன், மறந்துட்டியா?’

‘அது மழையில நனஞ்சி கெடக்கும்.’

‘நவம்பர்ல என்ன மழ? சடசடன்னு எரியும். முத்தத்துல மண்ணடுப்புப் போட்டிருந்த. பொக போகுதுன்னு மாசிமா சண்டைக்கு வந்தா.’

‘அவ சண்டைக்கு வந்தது பூனைக்கு.’

‘பொகைக்குத்தான். ராப்பகலாத் தண்ணியப் போட்டு வேக வைக்கியே பௌமா, அது என்ன கறியான்னு கேட்டா. நான் அங்கதான் இருந்தேன்.’ மாசிமா அப்படிக் கேட்டாளா என்று அவருக்கு நினைவில்லை. கேட்டிருக்கக்கூடிய பெண்தான். ‘பாத்திரத்து அடியில வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சி, நீ சாம்பலப் போட்டுத் தேய்ப்ப. ஒரு கொதிக்கு அப்பிடிப் படியுமா? படியாது. நீ சுண்டத்தான் காய்ச்சின. ஒனக்கு மறந்து போச்சி.’

உலகம்மை அவர் முகத்தையே பார்த்தாள். எந்த வாதத்தையும் அவர் பாதியில் விட்டதில்லை என்பதும், விடியும்வரை நின்று ஜெயித்த பிறகே சாப்பிட வருவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

‘சுண்டத்தான் காய்ச்சினேன்’ என்றாள்.

‘எட்டுல ஒண்ணு.’

‘ஆமா.’

‘அப்ப ரோடு இல்ல.’

அவள் பிடித்து வைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது, தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்கச் சிரமமாக இருக்கும் என்று ஞாபகம் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். என்ன ஜெயித்தோம் என்று நினைக்காமல் இருக்க, கேட்டார்:

‘அந்தக் கயித்துல நடந்தவ நம்ம ஊர்க்காரிதானா?’

‘சங்கரன்கோவிலு. வெயிலுகந்தாள்னு பேரு. கூடாரத்துக்குப் பின்னால துணி தொவச்சிக்கிட்டிருந்தா.’

‘என்ன பேசினா?’

‘ஒண்ணும் பெருசாப் பேசல. ஊர்ல மழ உண்டான்னு கேட்டா.’

‘நீ என்ன சொன்ன?’

‘நல்ல மழன்னேன். கொளமெல்லாம் பெருகிக் கெடக்குன்னேன்.’ உலகம்மை லேசாகச் சிரித்தாள். ‘எனக்கு என்ன தெரியும், நானே ஊர விட்டுப் போயி ரெண்டு வருஷம். அவ பாவம், ஆசையாக் கேட்டா.’

சற்றுமுன் ‘சுண்டத்தான் காய்ச்சினேன்’ என்று சொன்ன அந்த முகத்தைக் கழுகாசலம் நிமிர்ந்து பார்த்தார்.